உதுமான் கழற்றாத சாக்ஸ்

உதுமான் நீலமாகிவிட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே உதடு, காது மடல், பத்து விரல் நகம் எல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்குப் போயிருந்தன. இந்த நிறத்தில் ஒரு மனிதர் மயங்கிக் கிடந்தால் டாக்டர்களுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அவரோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. லேசாத் தலைவலி, அவ்வளவுதான். வீட்டுக்குப் போவட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி நஜ்முன்னிசா அன்றைய கதையை ஐந்தாவது தடவையாக ஒப்பித்தாள். காலையில் தாராவியிலிருந்து கிளம்பினார்கள். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, மே மாத வெயிலில் நசுங்கி வாஷிக்கு வந்தார்கள். மகன் பைசானுக்குப் பெண் பேசி முடிக்க வாசிம் பாய் வீடு. பிரியாணி, தால்ச்சா, கடைசியில் ஆளுக்கொரு பாதாம் ஃபலூடா. கிளாஸைக் கீழே வைக்கும்போதுதான் வாசிம் பாய், "சம்பந்தி, உங்க உதடு ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அப்படியே காரில் ஏற்றி, பக்கத்திலிருந்த இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

டாக்டர் மானசா மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஊசியில் இழுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறத்தில் இருந்தது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தைந்து என்று காட்டியது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், எண்பத்தைந்து. கருவியை மாற்றினார்கள், அப்போதும் எண்பத்தைந்து. சந்தேகப்பட்டுத் தன் விரலிலேயே மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. பிறகு குனிந்து அவரை மோந்து பார்த்தாள்.

"பாதாம் வாசனை வரதே. சயனைடுக்கும் இப்படித்தான் வாசனைன்னு படிச்சிருக்கோம். ஆனா அதுன்னா இவ்வளவு நேரம் இவர் பேசிண்டிருக்க மாட்டார்" என்றாள்.

இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. முதல் வாக்கியம் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், கான்ஸ்டபிள் சாய்நாத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. சாய்நாத் முதல் வேலையாக மீதி ஃபலூடாவை வரவழைத்து, ஜாடியில் ஊற்றி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். அடுத்து வாசிம் பாயை விசாரித்தார்.

"அரே பாய், அதே ஃபலூடாவ நானே ரெண்டு கிளாஸ் குடிச்சேன்!" என்று வாசிம் பாய் இந்தியில் கதறினார்.

'இரண்டு கிளாஸ் குடித்தும் இவருக்கு எதுவும் ஆகவில்லை. சந்தேகத்துக்குரியது' என்று சாய்நாத் எழுதிக்கொண்டார்.

அந்தக் கலவரத்திலும் வாசிம் பாய் நிமிடத்துக்கு ஒருமுறை வார்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது அங்கே சட்டம். அவருடைய ஷூ இத்தாலி ஷூ. மச்சான் துபாயிலிருந்து வாங்கி வந்தது. காலையிலிருந்து அதை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மானசா ஒரு ஊசியை எடுத்து வந்தாள். உள்ளே இருந்த மருந்து எழுதும் மையைவிட நீலமாக இருந்தது. அதுவரை சாதுவாக இருந்த உதுமான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தாராவியில் ஷூ பட்டறை வைத்து, இருபத்திரண்டு வருஷம் தோலோடும் சாயத்தோடும் பிழைத்தவர் அவர்.

"டாக்டரம்மா, இது சாயம்லா? ஏற்கெனவே நீலமா இருக்கவனுக்கு மேல ஒரு கோட்டு அடிக்கீங்களா?"

"உங்க ரத்தம் ஆக்ஸிஜனைக் கொடுக்க மாட்டேங்கறது. இது போனா சரியாயிடும். கையை நீட்டுங்கோ."

நீலம் உள்ளே போனது, நீலம் வெளியே வடிந்தது. அரை மணியில் உதடு சிவந்தது. பைசான் 'வாப்பா டீக் ஹை', நன்றாக இருக்கிறார் என்று பெண் வீட்டுக்குச் செய்தி அனுப்பினான். அனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, உதுமான் மறுபடியும் நீலமானார். இந்தத் தடவை எண்பத்திரண்டு. பிறகு எழுபத்தெட்டு. மூச்சு இரைத்தது. வீட்டுக்குப் போவட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நஜ்முன்னிசா ஓடிப்போய் மானசாவைக் கூட்டி வந்தாள்.

மானசா அவளைத் தனியே அழைத்தாள். "விஷம் இன்னும் எங்கேயிருந்தோ உள்ள போயிண்டேயிருக்கு. இந்த மருந்தை இஷ்டத்துக்குப் போட முடியாது, அதுவே விஷமாயிடும். எது உள்ள போறதுன்னு தெரியலைன்னா அவர் நம்ம கையை விட்டுப் போயிடுவார். ஞாபகப்படுத்திப் பாருங்கோ மாமி."

நஜ்முன்னிசா கட்டிலுக்குத் திரும்பி வந்து, கால்மாட்டில் போர்வையைச் செருகினாள். உதுமான் சாக்ஸைக் கழற்றவில்லை. நர்ஸ் இரண்டு தடவை கழற்ற வந்தபோதும், ஏசி குளிருகிறது என்று காலை இழுத்துக்கொண்டார். செருகிய கையை எடுத்தபோது அவள் விரல் நுனியெல்லாம் கறுப்பு. மோந்து பார்த்தாள். பாதாம்.

வாசிம் பாய் வீட்டுப் பாதாம் இல்லை. பட்டறையில் கறுப்புச் சாய டப்பாவைத் திறந்தால் வருகிற பாதாம். இருபத்திரண்டு வருஷமாக அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்து, மூக்குக்குப் பழகி, மறந்தே போன வாசனை. சாயம் அடித்த ஷூவுக்குள் ஒரு நாள் முழுக்க யாரும் கால் விடக்கூடாது என்பது பட்டறையின் விதி. வாங்குகிறவர்களின் சாக்ஸ் பாழாகாமல் இருக்கத்தான் அந்த விதி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குனிந்து அவர் காதில் கேட்டாள். "அந்தப் பழைய பிரவுன் ஷூவுக்குக் காலையில சாயம் அடிச்சீங்களா?"

"மெதுவாப் பேசு."

"காயாமப் போட்டீங்களா?"

"நேரமில்ல, நஜ்மு. வெளிய சொல்லிராத. ஷூ பட்டறை வச்சிருக்கவன் சம்பந்தம் பேச பழைய ஷூவுக்குச் சாயம் அடிச்சிப் போட்டுட்டு வந்தான்னு அந்தாளுக்குத் தெரிஞ்சா எனக்கு என்ன மரியாத? பையன் கல்யாணம் நடக்குமா?"

"மவுத்தாப் போவீங்க!"

"மரியாதையாப் போறேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை ஆயிரம் ஜோடி! பட்டறையிலிருந்து வரும் ஷூக்களுக்கு நூல் நுனியில் முடிச்சுப் போடுவது அவள் வேலை. எல்லாரும் இரண்டு முடிச்சுப் போடுவார்கள், அவள் மூன்று போடுவாள். முடிந்து அனுப்பிய ஒவ்வொரு ஜோடியும் வேறு யாரோ ஒட்டும் கம்பெனிப் பெயரைத் தாங்கிக்கொண்டு எந்தெந்தக் கடைக்கோ போனது. இந்த மனிதர் தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்ததில்லை. அந்த ஒரு ஜோடி இல்லாத வெட்கத்துக்குத்தான் இப்போது உயிரை விடுகிறாராம்.

அங்கே சாய்நாத், ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று வாசிம் பாயின் தோளில் கை வைத்திருந்தார். இன்னொரு கையில் ஃபலூடா உருகிக்கொண்டிருந்தது.

"ஃபலூடா இல்ல!" நஜ்முன்னிசா வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "ஷூச் சாயம்! ஈரத்தோட போட்டுட்டு வந்திருக்காவ! பழைய ஷூவு!"

உதுமான் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சாக்ஸைப் பிடித்து உரித்தாள். கணுக்கால்வரை கன்னங்கரேல். உள்ளங்கைக் கறுப்பை எல்லா டாக்டர்களும் பார்த்திருந்தார்கள், தொழில் கறுப்பு என்று அவர் சொன்னதை நம்பியிருந்தார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. மானசா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நர்ஸோடு சேர்ந்து தானே சோப்புப் போட்டு, இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இன்னொரு நீல ஊசி போட்டாள். இந்தத் தடவை வந்த சிவப்பு போகவில்லை. தொண்ணூற்றாறு. நீல மருந்தால் சிறுநீர் மட்டும் பச்சையாகப் போனது. அதைப் பார்த்து உதுமான் கத்திய கத்தலில் பைசான் உள்ளே ஓடினான்.

சாய்நாத் ஃபலூடாவை விடுதலை செய்து, அதே அரக்கை ஷூ ஜோடிக்கு வைத்து எடுத்துப் போனார். வாசிம் பாய் நஜ்முன்னிசாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனால் பயம் தெளிய எத்தனை நேரம் ஆகும்? ஒரு டீ குடித்ததும் பழைய வாசிம் பாய் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உதுமான் வெறுங்காலோடு கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெண் அதீபாவைத் தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாசிம் பாய் வருகிறார் என்று அவருக்கு நிச்சயம். வாசிம் பாய் தன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சம்பந்தி, ஷூ பட்டறை முதலாளிக்கு ஒரு ஷூ கெடையாதா? இந்தாங்க, இதப் போட்டுக்கிடுங்க. நான் டிரைவர் செருப்பப் போட்டுக்கிடுதேன். கல்யாணத்துக்கு நீங்க வெறுங்காலோட வந்தா எனக்குல்லா அசிங்கம்? இத்தாலி ஷூ. இந்த மாதிரி வேலைப்பாடு நம்மாளுகளுக்கு வராது."

நஜ்முன்னிசா குனிந்து, அவர் காலில் மாட்டிவிட ஷூவின் நாக்கைப் புரட்டினாள். உள்பக்கம் தையல் முடிகிற இடத்தில் நூல் நுனி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு. அவள் முடிச்சு.

நிமிர்ந்தாள். வாயில் வந்துவிட்டது. உதுமானும் பார்த்துவிட்டார். நேற்று வெளியே சொல்லாதே என்று அவளைக் கெஞ்சிய அதே கண், இப்போது வாசிம் பாய்க்காகக் கெஞ்சியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நேற்று ஒருத்தர் மானத்தைக் கப்பலேற்றியாயிற்று, இன்று இவரை விட்டுவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"சரியா இருக்கா சம்பந்தி?" என்றார் வாசிம் பாய்.

உதுமான் எழுந்து நின்றார். இரண்டடி நடந்தார். தன் கையால் தைத்த ஷூ எப்படியிருக்கும் என்று அவர் கால் இப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது.

"எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு" என்றார்.