கெங்கம்மாவின் இடது கை

1927ஆம் வருஷம் மாசி மாதத்திலிருந்து, கெங்கம்மாவின் இடது கையில் முழங்கைக்குக் கீழே எதைக்கொண்டு மூடினாலும் அது கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். துணி துணியாகவேதான் இருந்தது. தொட்டால் நூல் தட்டுப்படும், தண்ணீரில் நனையும், வெயிலில் காயும். பார்வைக்கு மட்டும் இருக்காது. மஞ்சள் பூசினாலும் சந்தனம் அப்பினாலும் விரலுக்குக் கொரகொரவென்று தெரிந்ததே தவிர, கண்ணுக்கு வெறும் கைதான். பச்சை குத்துகிற குறத்தியைக் கூப்பிட்டுக் கை நிறையக் கோலம் குத்திக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கோலம் கரைந்து, அடியில் இருந்த தழும்புகள் பழையபடி வரிசையாக வந்து நின்றன. குறத்தி கூலியாக வாங்கிய நெல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த ஆண்டு மை சரியில்லை என்று சொல்லிப் போனாள்.

தழும்புகள் கெங்கம்மா தனக்குத் தானே செய்துகொண்டவை. நொச்சிக்குப்பத்தில் அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் ஒரே புயலில் கட்டுமரத்தோடு போனார்கள். அம்மா அதற்கு முன்பே இல்லை. அப்பா கோதண்டபாணி அன்றிலிருந்து மனிதர்களோடு பேசுவதை விட்டுவிட்டு வலையோடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் தன் கையைக் காயப்படுத்திக்கொள்ளத் தொடங்கியது யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கியதில்லை. உள்ளே ஒரு இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், அது நின்றால் போதும் என்றிருக்கும், அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. அதையும் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அவள் மயிலாப்பூரிலிருந்து குப்பங்களுக்கு வளையல் கூடை சுமந்து வரும் ஜைதூன் பீ. வளையல்காரிக்குத் தெரியாத கை ஊரில் கிடையாது. பொங்கலுக்கு வளையல் போடக் கையைப் பிடித்தவள், பார்த்ததும் தன் முந்தானையை இழுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போர்த்திக்கொண்டு, துணிக்கு அடியிலேயே, உரசாத பெரிய அளவாகப் பார்த்துப் போட்டுவிட்டாள்.

"மனசு எப்ப ஏறுதோ அப்ப என் வூட்டாண்ட வா. பேச வேணாம். குந்திக்கினு வளையல் கோத்துக் குடு, போதும்" என்றாள்.

கெங்கம்மா போனாள். சில நாள் போகாமல் இருந்து பழையபடி செய்துகொள்ளவும் செய்தாள். மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஜைதூன் பீ வேப்பெண்ணெய் தடவிவிட்டு வளையல் நூலை எடுத்துக் கொடுத்தாள். இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், காயம் புதிதாக ஒன்றுகூட இல்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். அன்றைக்குத்தான் அவள் போட்டிருந்த முழுக்கை ரவிக்கையின் இடது கை முதன்முதலாகத் தெளிந்தது. ஜைதூன் பீ துணியைத் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். மில் துணி இப்படித்தான் சாயம் போகும் என்றாள். பிறகு கண்ணாடி வளையலைப் போட்டுப் பார்த்தார்கள். பச்சையும் சிவப்பும் வெளுத்து, தண்ணீரை வளைத்து வைத்தது போல ஆயின. அந்த வளையல்களைக் கழற்றி எடுத்துப்போய், ஏரியைத் தூர்த்துப் புதுசாகக் கட்டிக்கொண்டிருந்த தியாகராய நகர் வீடுகளில் சீமைக் கண்ணாடி என்று ஜைதூன் பீ விற்றாள். விரும்பித்தான் வாங்கினார்கள்.

தொடக்கத்தில் ஒரு துணி அரை நாள் தாங்கியது. அதை நம்பித்தான் 1929இல் ஊரூர் குப்பத்துப் பக்கிரிக்குக் கல்யாணம் பேசியபோது கெங்கம்மா தலையாட்டினாள். துணியைவிட வளையல் சீக்கிரம் தெளியும் என்பதால், தாலி ஏறும்வரை ஜைதூன் பீ பக்கத்திலேயே நின்று, ஆசீர்வாதம் செய்கிற சாக்கில் வளையல்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். அடையாற்றைத் தாண்டி வந்த பிறகு மாற்ற ஆளில்லை. பக்கிரி விடியுமுன் கடலுக்குப் போய்ப் பகலில் திரும்புவான். அவன் கட்டுமரம் தெரிந்ததும் கெங்கம்மா ஓடிப்போய்ப் புதுத்துணி சுற்றிக்கொள்வாள். படுக்கும்போது கை சுவர்ப்பக்கம் இருக்கும். கேட்டால் வலைக்கயிறு அறுத்தது என்று சொல்ல வைத்திருந்தாள். அந்தப் பொய்யைத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முந்தைய ஆண்டுதான் அதே குப்பத்தில், முதுகில் வெள்ளை படர்ந்ததை மறைத்தாள் என்று ஒரு மருமகளைத் தாய்வீட்டுக்குத் துரத்தியிருந்தார்கள். குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஆற்றங்கரை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதைக் கெங்கம்மாவுக்கு எல்லாரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அவள் கர்ப்பமானதும் நேரம் குறைய ஆரம்பித்தது. மூன்றாம் மாதத்தில் துணி நாலு நாழிகை தாங்கியது. ஐந்தாம் மாதத்தில் சோறு கொதிக்கும் நேரம். ஏழாம் மாதத்தில், சுற்றி முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் முடிச்சு கண்ணில் படாமல் போயிற்று. அவள் இடது கையை முந்தானைக்குள், வயிற்றுக்கு அடியில், பிள்ளையைத் தாங்குவது போல வைத்துக்கொண்டு நடந்தாள். முந்தானையும் தெளியும் என்பதால், யாரும் உற்றுப் பார்க்குமுன் நகர்ந்துவிட, நடந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் மாமியார் முத்தம்மா வளைகாப்புக்கு நாள் குறித்தாள்.

முத்தம்மா மயிலாப்பூரில் மீன் விற்பவள். அவள் கூவினால் குளத்தங்கரைக்கு அந்தப் பக்கத்தில் உள்ளவர்களும் விலை தெரிந்துகொள்வார்கள். அவளிடம் அழுகல் மீனைத் தள்ளப் பார்த்த ஏலக்காரன் ஒருவன் வேறு குப்பத்துக்கே போய்விட்டதாகப் பேச்சு. வளைகாப்புக்கு ஜைதூன் பீயைத்தான் வரச்சொன்னார்கள். வந்தவள் கெங்கம்மாவின் காதில், "என்னால எவ்ளோ முடியுமோ மாத்திக்கினே கீறேன்" என்றாள். கெங்கம்மா இடது கையை முந்தானைக்குள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வலது கை முடிந்தது. இடது கையை ஜைதூன் பீ தன் முந்தானைக்குள் வாங்கினாள். "இன்னாத்துக்குத் துணிக்குள்ள? நாங்க பாக்கக் கூடாதா?" என்று முத்தம்மா முந்தானையை விலக்கினாள். ஜைதூன் பீ கூடையிலிருந்து பச்சை வளையலை எடுத்து ஏற்றினாள். அது மணிக்கட்டைத் தாண்டும்போதே தெளிந்தது. சிவப்பை ஏற்றினாள். அதுவும் தெளிந்தது. மேலும் மேலும் ஏற்றினாள். வளையல் நிறைந்த கை, வளையலே இல்லாதது போலத் தழும்புகளோடு எல்லாருக்கும் நடுவில் கிடந்தது. வளைகாப்புப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் பாட்டின் அடியை முடிக்காமல் விட்டாள்.

"இன்னாடி இது?" என்றாள் முத்தம்மா. அவள் கேட்டது வளையலைப் பற்றி அல்ல, தழும்பைப் பற்றி.

வலைக்கயிறு என்று சொல்ல வாயைத் திறந்தாள் கெங்கம்மா. இத்தனை மாதம் சொல்லிப் பார்த்த பொய் வரவில்லை. "நானே பண்ணிக்கினது, அத்தே" என்றாள்.

ஒருத்தி பேய் என்றாள். இன்னொருத்தி வேப்பிலை கொண்டுவரச் சொன்னாள். கெங்கம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முத்தம்மா, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல முகத்தைக் கிட்டே கொண்டுவந்து ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"பழசா?"

"பழசுதான்."

"இப்பவும் பண்றியா?"

"இல்ல. தோணும். பண்றதில்ல."

"தோணும்போது இன்னா பண்ணுவ?"

"முன்னெல்லாம் பீயக்கா வூட்டுக்குப் போவேன். இங்க வந்தப்புறம் கடலாண்ட போய் நிப்பேன். அது போற வரிக்கும் நிப்பேன்."

"வயித்துப் புள்ளையோட தனியா நின்னியா?" முத்தம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "நான் ஒருத்தி வூட்டுல குத்துக்கல்லாட்டம் கீறேனே, என்னாண்ட சொல்ல மாட்டியா?" பிறகு வேப்பிலையோடு வந்தவளைப் பார்த்து, "அந்த வேப்பெலய அம்மைக்கு வெச்சிக்கோ, போ" என்றாள். ஜைதூன் பீயிடம், மிச்ச வளையலையும் போடு, எண்ணிக்கை குறையக்கூடாது என்றாள். பெண்கள் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி நல்ல கண்ணாடி என்று ஒத்துக்கொண்டார்கள்.

பக்கிரிக்குத்தான் ஆறவில்லை. தழும்பு இருந்ததற்காக அல்ல. ஒரு வளையல்காரிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவன் கோபம். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டான். பல நாள் அப்படியே ஓடியது. ஒரு பகலில் கடலிலிருந்து வந்தவன் ஈரக் கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதா?" என்று கேட்டான். இப்போது வலிக்காது, மழைநாளில் அரிக்கும் என்றாள். அதன் பிறகு மழை வந்தால் அவனே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைப்பான்.

பெண் குழந்தை பிறந்தது. அது ஓயாமல் அழுதது. பால் போதவில்லை, தூக்கம் இல்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, பக்கிரி கடலில் இருந்தபோது, கெங்கம்மாவுக்குள் அந்தப் பழைய இரைச்சல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. அவள் குடிசைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். கூரையில் அரிவாள் செருகியிருந்த இடம் அவள் கண்ணை இழுத்தது. அவள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் நடந்தாள். அடையாற்றுப் பாலம் வெயிலில் காலடியில் கொதித்தது. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கீழே ஆறு மெதுவாகப் போனது. குழந்தை வீறிட்டது. ஒரு மாட்டுவண்டிக்காரன், "நடுவுல நிக்காதம்மே, ஓரமாப் போ" என்று அதட்டினான். அவள் ஓரமாகப் போனாள். போய்க்கொண்டே இருந்தாள்.

மயிலாப்பூரில் மீன் கூடைக்கு முன்னால் போய் நின்றபோது அவளுக்கு மூச்சு முட்டியது. "அத்தே, தோணுது" என்றாள்.

முத்தம்மா அப்போது ஒருவரிடம் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவரை அப்படியே விட்டுவிட்டு, முதலில் மீன் வெட்டுகிற அரிவாள்மணையைத் தூக்கிப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கூடைக்குப் பின்னால், தன்னோடு ஒட்டி உட்கார வைத்தாள். "எனுக்குத் தொண்ட கட்டிக்கினுது. நீ கூவு" என்றாள். அது பொய் என்று கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

கெங்கம்மா கூவினாள். முதலில் குரல் வரவில்லை, பிறகு உடைந்து வந்தது, பிறகு அழுகையும் விலையும் கலந்து வந்தது. சங்கரா கேட்டவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். கூடை காலியாகும்வரை முத்தம்மா அவள் தோளிலிருந்து தோளை எடுக்கவில்லை.

"போச்சா?"

"கொறஞ்சிக்கீது."

"செரி. நாளைக்கும் வா."

அவள் மறுநாளும் போனாள். பிறகு தினமும் போனாள். இரைச்சல் அடியோடு நின்றது என்று சொல்ல முடியாது. வரும், போகும், வரும்போது சொல்வாள். வருஷங்கள் போகப் போகத் தழும்புகளும் மங்கி, கையின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டன. துணி மட்டும் பழையபடி தெளிந்துகொண்டேதான் இருந்தது. மீன் வாங்க வருகிறவர்களில் சிலர் கையைப் பார்த்துக் கேட்பார்கள். மனசு இருந்தால் பதில் சொல்வாள், இல்லாவிட்டால் விலை சொல்வாள்.

1938 மார்கழியில் பனி அதிகம். விடிகாலையில் கடைபோடுகிறவர்கள் நடுங்கினார்கள். கெங்கம்மா தியாகராய நகரில் ரவிக்கை தைக்கும் குல்சுமிடம் துணி கொண்டுபோனாள். குல்சும் அளவெடுத்துக்கொண்டே, ரவிக்கையின் இடது கை எப்படியும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை, அதற்கு எதற்குத் துணி வீணாக்குவது, விட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

"தெச்சிடு. குளுருதுல்ல?" என்றாள் கெங்கம்மா.

குல்சும் இரண்டு கைக்கும் துணி வெட்டினாள்.