மூலையில் விரிசல் விட்ட மீன் தொட்டி

தையல் கடையிலிருந்து வந்த டெய்லரம்மா செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். காலையில் வாசலோரம் அட்டைப் பெட்டிக்குள் இருந்த புது மீன் தொட்டி இப்போது ஜன்னல் பக்கத்து மேசைமேல் உட்கார்ந்திருந்தது. இடது பக்க மேல் மூலையில் இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல்.

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு," என்றார் அவள் கணவர், அவள் கேட்காமலே. "கடைக்காரனுக்குப் போன் போட்டுத் திருப்பி எடுத்துக்கச் சொல்லு."

பஸ் ஓட்டிய மனிதர். தெருவில் இன்றைக்கும் எல்லோருக்கும் டிரைவர்தான். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போனதிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள் என்றால் காது கேட்காத மாதிரி இருப்பார். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்ல! சுவரைப் பார்ப்பதற்கு மீனையாவது பார்க்கட்டுமே என்றுதான் அவள் தொட்டி வாங்கினாள்.

தொட்டி விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள். தங்கமான மனுஷன். "ஏத்தி இறக்கும்போது பட்டிருக்கும் அக்கா. நாளைக்கே வேற தரேன். இல்ல, அதையே வெச்சுக்கறதுன்னாலும் சரி. மேல் மூலைதானே, பாதிக்குத் தண்ணி விட்டு சின்ன மீனா விடுங்க, தாங்கும்."

காலையில் வாசலில் இறக்கியபோது பெட்டியைத் திறந்து நாலு மூலையையும் தடவிப் பார்த்து வாங்கி வைத்தவளே அவள்தான். துணியில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. விழுந்து வைத்திருந்தால் யார் தூக்குவது? நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று திரும்பியவள் அப்படியே நின்றாள். ஒரு கையால் அந்தத் தொட்டியைத் தூக்கி மேசைமேல் வைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

"எப்படித் தூக்கினீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"ரெண்டு கையாலயும்தான்." குரல் உள்ளே போயிருந்தது. "நீ வர்றதுக்குள்ள வெச்சிடலாம்னு பார்த்தேன். கடைசி நேரத்துல இது விட்டுடுச்சு. சாஞ்சு சுவத்துல இடிச்சிருச்சு." இடது கையை வேறு யாருடையதோ போல மடியில் தள்ளினார். "இனிமே எதையும் தொடமாட்டேன். திருப்பிக் கொடுத்துடு."

வாசலிலிருந்து மேசைவரைக்கும் அந்தக் கை வந்திருக்கிறதே! தொட்டி திரும்பிப் போனால் அந்தக் கை மறுபடியும் மடியிலேயே கிடந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"கொடுக்கப் போறதில்ல. பாதித் தண்ணிக்குத் தாங்குமாம்."

"ஒடஞ்ச தொட்டியில யாராவது மீன் வளப்பாங்களா? பார்க்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பஸ்ஸை எத்தனை தடவை நெளிச்சுக்கிட்டு வந்தீங்க? ஒவ்வொரு தடவையும் வேற பஸ்ஸா கொடுத்தாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரி, தண்ணி ஊத்து," என்றார்.

"நான் காலையிலேர்ந்து மெஷின் மிதிச்சுட்டு வந்திருக்கேன். நீங்களே ஊத்துங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவர் முறைத்தார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போனார். தண்ணீர் மக்கை இடது கையில் பிடித்து, அடியில் வலது கையை முட்டுக் கொடுத்துக் கொண்டுவந்தார். பாதி தரையில் சிந்தியது.

"வழுக்கும், பார்த்து," என்று மட்டும் சொன்னாள். ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்த தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அவள் பக்கம் பார்க்காமலே அவர் அடுத்த மக்குக்குப் போனார்.