போர்வைக்குள் கிட்டார்

கிட்டார் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுகிறது என்று முதலில் சொன்னவர் அத்தான்தான். காதோடு சொல்லியிருந்தால் பரவாயில்லை. மைக்கில் சொன்னார்.

கார் கழுவும் கடைக்கு மேலே, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒத்திகை அறை. டிரம்ஸ்காரர் பல்லைக் காட்டினார். கோரஸ் பாடும் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். சின்னவள் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள். அத்தான் கீபோர்டு வாசிப்பவர், குழுவை நடத்துபவர். அக்காவுக்குக் கணவர், இவளுக்கு அத்தான், மற்றவர்களுக்கு அண்ணன், தனக்குத் தானே சகலகலா வித்தகர்.

"இஞ்சினியரம்மா, கொஞ்சம் விரலை அழுத்துங்க. இது பரீட்சைப் பேப்பர் இல்ல, கிழிஞ்சிடாது."

அவர்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அந்தப் பட்டத்தை அவளைத் தவிர எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள், குத்திக்காட்டுவதற்கு.

வயலின்காரர் குழுவை விட்டுப் போனதிலிருந்து அவர் வாசித்த இடங்களெல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தன. கிட்டாரை வயலினாக்க ஒரு வழி உண்டு. காலடியில் இருக்கும் வால்யூம் பெடலை மூடி வைத்துக்கொண்டு கம்பியைத் தட்ட வேண்டும். பிறகு மெல்ல மெல்ல மிதித்துத் திறக்க வேண்டும். தட்டிய சத்தம் காதுக்கு எட்டாது. சுரம் மட்டும் வில் போட்டு இழுத்தது போல எழும்பி வரும். அவளுக்கு அது கைவந்த கலை. காலும் வந்த கலை என்று டிரம்ஸ்காரரே ஒருமுறை சொன்னார்.

ஆனால் இப்போது எழும்பி வருவது வயலின் அல்ல. ஈரச் சாக்கு.

கச்சேரிகளுக்கு இவர்களைக் கூட்டிப் போகும் பாடகி முகத்துக்கு நேரே பேசுகிறவர். "இதோ பாரும்மா, அந்த வயலின் இடத்துல சத்தம் பளிச்சுன்னு வரணும். மங்கலா இருந்தா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறது? அடுத்த சனிக்கிழமை கேக்கறேன். சரியில்லன்னா ஊர் ஊரா வர்றதுக்கு வேற ஆளத்தான் பார்க்கணும்."

வேறு ஆள் தயாராகவே இருந்தான். அத்தானின் தம்பி. அவனும் கிட்டார்தான். மூலையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பெடல்லதான் ஏதோ இருக்கு அத்தான்," என்றாள் சின்னவள். "நீங்க மாத்திக் கொடுத்த பிறகுதான் இப்படி."

முன்பு அந்தப் பெடல் மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று இருமும். உள்ளே இருந்த பாட் தேய்ந்திருந்தது. பாட் என்றால் பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்குமே, அதேதான். கேட்காமலே பெடலை எடுத்துப்போய்ப் புது பாட் ஒன்றை வைத்துக் கொண்டு வந்தவர் அத்தான். இருமல் நின்றது. குரலும் நின்றது.

அத்தான் எழுந்து வந்தார். பெடலைப் பிடுங்கினார், தன் கீபோர்டில் சொருகினார், வலது காலால் மிதித்தபடி ஒரு இழுப்பு இழுத்தார். அறை முழுக்கக் கணீரென்று மணி அடித்தது.

"கேட்டீங்களா எல்லாரும்? பெடல் பத்தரை மாத்துத் தங்கம். கோளாறு எங்க இருக்குன்னு நான் சொல்லணுமா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவர் சொன்னார். "கையில."

அதுதான் அவளை அடித்துப் போட்டது. காதால் கேட்டதை எப்படி மறுப்பது? வீட்டுக்கு வந்து கம்பியை மாற்றினாள். தடித்த கம்பி போட்டாள். விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது. அக்கா போனில், "அவர் சொன்னா அதுல விஷயம் இருக்கும்டி, கோவப்படாம கத்துக்கோ," என்றாள். விஷயம் இருக்கிறதோ என்று இவளும் நம்ப ஆரம்பித்தாள். படித்த கழுதை பொதி சுமப்பது இப்படித்தான்.

ஞாயிறு மத்தியானம், வாடகை அறையில் மின்விசிறி சுற்றியும் அடங்காத வெயிலில், எரிச்சலில் பெடலைக் காலால் எட்டி உதைத்தாள். வயர் கழன்றது. சரி, போய்த் தொலை என்று கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகித் தட்டினாள்.

சத்தம் எதிர்ச்சுவரில் பளார் என்று அறைந்து திரும்பியது.

அதே கம்பி, அதே கை. மறுபடி பெடலைச் சேர்த்து, முழுக்க மிதித்துத் திறந்து வைத்துத் தட்டினாள். சாக்கு. முழுக்கத் திறந்த கதவு எதையாவது தடுக்குமா? அடித்தட்டைக் கழற்றினாள். பாட் திருகின் முதுகில் இருபத்தைந்து கே என்று மின்தடை அளவு பொறித்திருந்தது. கிட்டாருக்கு வேண்டியது ஐந்நூறு.

பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இது கீபோர்டுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கீபோர்டு மின்சாரம் குடித்து வளர்ந்த பிள்ளை, மோட்டார் போட்ட குழாய் மாதிரி. அடியில் ஓட்டை இருக்கிற தொட்டியையும் நிரப்பிவிடும். கிட்டாரின் காந்தம் தருவது சொட்டுத் தண்ணீர். இருபத்தைந்து என்பது பெரிய ஓட்டை, ஐந்நூறு என்பது ஊசித் துளை. பெரிய ஓட்டையில் முதலில் ஒழுகிப் போவது மேல் சத்தம், அந்தப் பளிச்சு. அத்தான் மோட்டாரைத் திறந்துவிட்டு, பார் தொட்டி நிரம்புகிறது, உன் சொட்டில்தான் கோளாறு என்றிருக்கிறார். அவளும் தலையை ஆட்டியிருக்கிறாள். நாலு வருஷம் படித்தது இதைத்தான். கேள்வித்தாளில் வந்திருந்தால் எழுதியிருப்பாள். அத்தான் வாயில் வந்ததால் எழுதவில்லை.

அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அது அவருக்கு இன்னும் கெடுதலாக முடிந்தது.

ஐந்நூறு கே வாங்கி வந்து, ஈயம் உருக்கி சால்டர் வைத்தாள். முழுக்கத் திறந்தால் பளிச்சு வந்துவிட்டது. ஆனால் பாதி மிதியில் மறுபடி மங்கியது. சத்தத்தைக் குறைக்கும்போது மேல் சத்தம்தான் முதலில் நழுவும். அதற்கு ஒரு பக்கவாசல் வைக்க வேண்டும். பாட் திருகில் சத்தம் உள்ளே வரும் கம்பிக்காலுக்கும் வெளியே போகும் கம்பிக்காலுக்கும் குறுக்கே, மேல் சத்தத்தை மட்டும் விடும் ஒரு கபாசிட்டரை வைத்தாள். முதலில் வைத்தது பெரிசு. குறைத்து வாசித்தால் கொசு காதருகே பாடியது. சின்னதாக மாற்றினாள், அதை அடக்கப் பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டரையும் கட்டினாள். மிதித்தாள். அடியிலிருந்து உச்சி வரை ஒரே குரல், ஒரே நிறம். அறை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, "யாரும்மா வயலின் வாசிக்கிறது?" என்று கேட்டார்.

சனிக்கிழமை அந்த இடம் வந்தது. சின்னவள் காலை மெல்ல இறக்கினாள். பாடகி பாதி வரியில் நிறுத்தினார்.

"மறுபடி."

வாசித்தாள்.

"இதுதான். இதைத்தான் கேட்டேன். நீயே வா."

அவ்வளவுதான். இடம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருப்பாள். அத்தான் விடவில்லை.

"நான் பாட் மாத்திக் கொடுத்தேன்ல மேடம். புதுசு பாருங்க, பழக நாளாகும். செருப்பு மாதிரி. இப்பதான் செட் ஆயிருக்கு."

டிரம்ஸ்காரர் சிரித்தார். அக்கா இவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். சின்னவள் பெடலைத் தூக்கிக் கவிழ்த்து, பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே? ஒத்திகை நடக்குது."

"நீங்க மாத்தினது எதுன்னு காட்டுங்க அத்தான்."

"அதோ, உள்ள இருக்கே."

"அது நான் வெச்சது. உங்களோடது கீபோர்டுக்குத்தான் ஆகும். கிட்டாருக்குப் போட்டா சத்தத்தைத் தின்னும். உங்க கீபோர்டுல சொருகிக் காமிச்சு என் கை சரியில்லன்னு சொன்னீங்களே, அது தப்பு. தப்புன்னு எனக்கு இல்ல, இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

"ஒரு சின்னச் சாமானுக்கு இவ்வளவா? குடும்பத்துக்குள்ள—"

"குடும்பத்துக்குள்ள சொல்லியிருக்கலாமே. ஊருக்கே சொன்னீங்க."

பாடகி தண்ணீர் குடித்தார். அத்தானின் காது சிவந்தது. "சரி, பாட் வேற மாதிரி. இப்ப என்ன?" என்றார். மன்னிப்பு என்பது அவர் வாயில் அவ்வளவுதான் நுழையும். அடுத்த பாட்டுக்கு எண்ணிக்கை கொடுத்தார், வேண்டுமென்றே வேகமாக. அவள் கூடவே ஓடினாள், ஒரு சுரமும் விடாமல்.

முடிந்ததும் அக்கா படிக்கட்டில் மறித்தாள்.

"அவரு மானத்த வாங்கிட்டியேடி. இனிமே நம்ம வண்டில வராதேன்னு சொல்லிட்டாரு."

"பஸ்ஸு ஓடுதுக்கா. அவரு என் கையைக் கேலி பண்ணினப்போ நீ எங்க இருந்தே?"

அக்கா அழுதாள். சின்னவள் கீழே இறங்கிப் போனாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு அத்தானின் தம்பி பின்னாலேயே வந்தான். கையில் ஒரு பை.

"ஒரு நிமிஷங்க. என் பெடலையும் அண்ணன்தான் மாத்திக் கொடுத்தாரு. போன வருஷமே. அதுலேர்ந்து எனக்கும் மங்கலாதான் இருக்கு. கேட்டா விரல்ல தெம்பு இல்லைன்னாரு."

அவள் அவனைப் பார்த்தாள். தப்புக்குப் பின்னால் சதியும் இருக்குமோ என்று நினைத்திருந்தாள். தம்பிக்கு இடம் பிடிக்கத்தான் இவள் பெடலைக் கெடுத்தாரோ என்று. சதிக்காவது ஒரு மரியாதை உண்டு, எதிராளியை ஆளாக மதித்தால்தான் சதி செய்வார்கள். இது வெறும் தெரியாத்தனம். தெரியாததைத் தெரிந்தவன் போலச் சொல்லும் தொண்டை. சொந்தத் தம்பியையே ஒரு வருஷம் கை நொண்டி என்று நம்ப வைத்திருக்கிறது. கோபம் குறையும் என்று பார்த்தால் கூடியது.

"கொஞ்சம் சரி பண்ணித் தர்றீங்களா?"

"தரேன். உங்க அண்ணன் வந்து கேக்கட்டும்."

"அவரு கேக்க மாட்டாருங்க."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பேருந்தில் ஏறினாள்.