ஆகவே இல்லாத ஜெபம்

சபையில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். "ஆகவே அக்கா" என்று கேட்டால் பிள்ளைகள் கூடக் கையைக் காட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்னறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று, இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை ஏழு படிகளில் நிரூபிப்பது அவள் வேலை. கல்லறை காலியாக இருந்தது. ஆகவே உடல் எங்கோ போயிருக்க வேண்டும். சீடர்கள் அதைத் திருடவில்லை. ஆகவே வேறு யாரோ, அல்லது வேறு ஏதோ. இப்படிப் படிக்குப் படி ஓர் 'ஆகவே' போட்டு, மார்க்கர் கீச்சிட அதன் அடியில் இரண்டு கோடு இழுப்பாள். ஏழாவது ஆகவே வரும்போது யாரும் வாயைத் திறக்க முடியாது. திறந்தாலும் அவள் விட மாட்டாள் என்பது வேறு விஷயம்.

வார நாட்களில் அவள் லிஃப்ட் பரிசோதகர். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் இயந்திர அறைகளுக்குப் போய், இந்த லிஃப்டில் ஜனங்கள் ஏறலாம், இதில் ஏறக்கூடாது என்று முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். அந்தக் கையெழுத்தை வாங்குவதற்குள் மெக்கானிக்குகளுக்குத் தாவு தீர்ந்துவிடும். "காபி சூடா இருக்குன்னு சொன்னாலும், எதை வெச்சுச் சொல்றீங்கன்னு கேப்பா" என்று அவள் வீட்டுக்காரர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய ஏழு படிகளுக்கும் மசியாதவன் ஒரே ஒருவன். கூடப் பிறந்த தம்பி.

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் வண்டி ஓட்ட, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மட்டும் நம்பிக் காலம் தள்ளுகிறவன். சாமி, சபை இரண்டுமே அவனுக்கு ஒத்துவராது. சின்ன வயதிலிருந்தே மூன்றாம் படியில் வந்து குறுக்கே படுத்துக்கொள்வான். "அவரை உயிரோட பாத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்கங்கற. ஏன்?" என்பான். அவர்கள் பரிசுத்தவான்கள் என்பாள். "பரிசுத்தவான்கள்னு யாரு சொன்னா?" என்பான். வேதம் என்பாள். "வேதத்தை எழுதினது யாரு?" என்பான். அவர்கள்தான் என்பாள். "போதும், ஆளை விடு" என்று எழுந்து போவான். அவள் அதற்கு வாயடி என்று பெயர் வைத்திருந்தாள். பதில் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்பா இறந்த அன்று விவகாரம் முற்றியது. அடக்கம் முடிந்து திரும்பி வந்து, அவள் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தம்பி தேம்பித் தேம்பி அழுதான். அவளுக்கும் நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் இருந்தது. ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது முதல் படி. அப்பா மறுபடி எழுந்திருப்பார் என்பதற்கு என்ன ஆதாரம் என்றால், முதலில் அந்தக் கல்லறை காலியாக... தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வாசல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போனில் பேசுவான், நல்லது கெட்டது விசாரிப்பான், தெருவில் நின்று இரண்டு வார்த்தை பேசுவான். உள்ளே வா என்றால் வேலை இருக்கிறது என்பான்.

அந்தத் தம்பிதான் ஒரு திங்கட்கிழமை போன் செய்தான். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லையாம். வியாழக்கிழமை நெஞ்சைத் திறந்து மாற்றப் போகிறார்களாம்.

"நீ வந்து கூட இரு அக்கா" என்றான். "ஆனா..." என்று இழுத்தான். பிறகு, "சரி, வா" என்று வைத்துவிட்டான்.

அவன் நம்பாமலே போய்விட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாழக்கிழமைக்குள் அவனை மசியவைத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏழு படிகளையும் தேய்த்துத் துலக்கினாள். பல் துலக்கும்போதும், பஸ்ஸிலும் மனதுக்குள் தம்பியோடு வாதம்தான். மனதுக்குள் இருந்த தம்பி ஒவ்வொரு முறையும் தோற்றான். அசல் தம்பியிடம் அந்தப் பழக்கம் கிடையாது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

புதன்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் பரிசோதனை. அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும், பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். லிஃப்ட் பெட்டியைத் தூக்குவது, மோட்டார் சுற்றும் ஒரு பெரிய சக்கரத்தின் மேல் போகும் கயிறு. கயிறு கைவிட்டுப் பெட்டி வேகமாக இறங்கினால், பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடிகள் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கவ்விப் பெட்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பிடிகளை உசுப்பிவிட மேலே கவர்னர் என்று ஒரு சிறு சக்கரம் உண்டு. பரிசோதனையில் பெட்டியை மெல்ல இறக்கி, கவர்னரைக் கையால் தடுப்பார்கள். பிடிகள் கவ்வ வேண்டும். இதில் ஒரு சிக்கல், கவர்னரோடு ஒரு மின்விசையும், அதாவது ஒரு சுவிட்சும், இணைந்திருக்கும். கவர்னரைத் தடுத்தால் அந்த விசை மோட்டாரை நிறுத்தி, வழக்கமான பிரேக்கையும் போட்டுவிடும். ஆகையால் சோதனைக்கு முன் அந்த விசையை விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி நிற்கும், ஆனால் நிறுத்தியது பிடிகளாக இருக்காது.

மெக்கானிக் கவர்னரைத் தடுத்தான். பெட்டி டக்கென்று நின்றது.

"பாஸ் மேடம்!" என்றான்.

அவளும் பேனாவைத் திறந்துவிட்டாள். மனது ஆறாம் படியில் தம்பியை மடக்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடப் போன நொடியில் கண் பெரிய சக்கரத்தின் மேல் விழுந்தது. விசையை விலக்கியிருந்து பிடிகள் கவ்வியிருந்தால் மோட்டார் இன்னும் ஓட, சக்கரம் சுற்ற, கயிறு அதன் மேல் வழுக்கியிருக்க வேண்டும். சக்கரம் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"விசையை விலக்கினியா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "மறந்துட்டேன் மேடம். ஆனா நின்னுச்சே?"

இந்தக் கேள்வியைக் கேட்காத மெக்கானிக் கிடையாது. அதற்கு அவள் சொல்கிற பதிலும் ஒன்றுதான். யோசிக்காமலே அது வாயில் வந்தது.

"பிரேக் போட்டு நின்னுச்சு. நீ சோதனை பண்ணினது பிடியை. பிடி கவ்வினாலும் கவ்வாட்டாலும் இது இப்படித்தான் நின்னிருக்கும். அப்போ இதுல இருந்து பிடியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது."

சொல்லி முடித்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து மெக்கானிக் பயந்துபோனான். "தண்ணி வேணுமா மேடம்?" என்றான்.

அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் படி. பார்த்தவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், தப்பாகப் பார்க்கவும் மாட்டார்கள் என்று அவள் அங்கே வைத்துக்கொண்டிருந்தாள். அதை ஏன் வைத்துக்கொண்டாள்? அவள் ஏற்கெனவே நம்பியதால். முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே அவளுடைய பிரேக் போட்டாகிவிட்டது. ஏழு படிகளும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் அதே இடத்தில்தான் நின்றிருப்பாள். வாயடி என்று நினைத்தாளே, தம்பி அத்தனை வருஷமாகச் சுட்டிக்காட்டியது இந்த விசையைத்தான்.

விசையை விலக்கிவிட்டு மறுபடி சோதித்தார்கள். இந்த முறை பிடிகள் கவ்வின, பெரிய சக்கரம் சுற்றியது, கயிறு கரகரவென்று வழுக்கியது. நல்ல லிஃப்ட்தான். முதல் சோதனைதான் வெத்து. அவள் கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே புரட்டினாள். லிஃப்டுக்கு இரண்டாவது சோதனை இருக்கிறது. தன் நம்பிக்கைக்கு விலக்கி வைக்க விசை எங்கே? தேடிப் பார்த்தாள், இல்லை. அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. நிரூபணம் போனால் நம்பிக்கையும் கூடவே போகும் என்று காத்திருந்தாள். ஒரு நிறுத்தம் போனது, இரண்டு நிறுத்தம் போனது, போகவில்லை. அப்பாவைப் பற்றி நினைத்துப் பார்த்தாள், மறுபடி பார்ப்போம் என்றுதான் இருந்தது. சாயங்காலம் மறுபடி பார்த்தாள், இருந்தது. வெறுங்கையோடு தம்பியிடம் போகிறோமே என்ற கவலைதான் மிச்சம்.

வியாழக்கிழமை காலை தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீலச் சட்டை போட்டு, கையில் ஊசியோடு படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வந்துட்டியா? ம், ஆரம்பி."

"எதைடா?"

"ஒண்ணாம் படி. கல்லறை காலி. நானும் பதிலெல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்கேன். இந்தத் தடவை எழுந்து போகவும் முடியாது, கட்டிப் போட்டுட்டாங்க."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மூணாம் படி ஓட்டைடா" என்றாள்.

"என்னது?"

"பாத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு எடுத்த எடுப்புலயே நான் வெச்சுக்கிட்டேன். அதை வெச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா வந்துடும். அது நிரூபணமே இல்ல. நீ சொன்னதுதான் சரி."

தம்பி அருகிலிருந்த மானிட்டரைப் பார்த்தான். "நர்ஸைக் கூப்பிடு. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் சொன்னது சரின்னு அக்கா சொல்ற மாதிரி காதுல விழுது."

சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, குரல் தாழ்ந்தது. "அப்போ எல்லாத்தையும் விட்டுட்டியா?"

"இல்லடா. நேத்துலேருந்து தட்டித் தட்டிப் பாக்கறேன், அப்படியேதான் இருக்கு. ஏன் இருக்குன்னு கேட்டா காட்டத் தெரியல. உனக்கு நிரூபிக்கவும் முடியாது. அவ்வளவுதான்."

"அப்பாடா" என்றான் தம்பி.

"உனக்கென்னடா அப்பாடா? உனக்குத்தான் அதுல நம்பிக்கையே இல்லையே."

"எனக்கு இல்ல. அதுக்காக நீ ஏன் மாறணும்? இன்னைக்குப் பாத்து நீ வேற ஆளா வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?" கொஞ்ச நேரம் போர்வை நுனியைத் திருகினான். "அப்பா போன அன்னைக்கு எனக்கு அக்கா வேணும்னு இருந்துச்சு. வகுப்பு வந்துச்சு."

"தப்புதான்டா" என்றாள். அதற்குக் காரணம், விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் அவள் ஒரு வாக்கியத்தை முடித்தது அநேகமாக அதுவே முதல் தடவை.

"உள்ள தள்ளிட்டுப் போகும்போது என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"ஜெபம் பண்ணுவேன். உனக்குப் பிடிக்கலன்னா வெளிய போய்ப் பண்றேன்."

"இங்கயே பண்ணு. காதுல விழற மாதிரியே பண்ணு. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ஆகவே மட்டும் போடாத."

அவளுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை. ஆண்டவரே, நீர் சர்வ வல்லவர், ஆகவே என்று கடவுளையே மடக்கிப் பழகியவள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் தடுமாறியது.

"ஆண்டவரே, இவன் என் தம்பி. எனக்குப் பயமா இருக்கு. ஆமென்."

தம்பி ஆமென் சொல்லவில்லை. கையையும் விடவில்லை. வந்து கட்டிலைத் தள்ளிய ஆள்தான் இரண்டு கைகளையும் பிரித்துவிட வேண்டியிருந்தது.

பிறகு காத்திருப்பு. பிளாஸ்டிக் நாற்காலி, யாரும் பார்க்காத டிவி, எதிரில் கண்ணை மூடி ஜெபிக்கும் பக்கத்துக் கட்டில்காரரின் குடும்பம், கதவு திறக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போடும் நெஞ்சு. கடைசியில் டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்து, நல்லபடியாக முடிந்தது, வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வராந்தாவில் நின்று கடவுளுக்கும் நன்றி சொன்னாள். மனதிலிருந்த பாரமெல்லாம் இறங்கி, பசி எடுத்தது.

பாஸ்டர் போன் செய்தார். "ஸ்தோத்திரம்! ஜெபத்துக்குப் பதில் கிடைச்சாச்சு. ஞாயித்துக்கிழமை இதையே எட்டாவது படியா வெச்சுடலாம்மா."

"வேணாம் ஐயா" என்றாள். "பக்கத்துக் கட்டில்ல இருந்தவருக்கும் அவங்க வீட்டுல ஜெபம் பண்ணினாங்க. அவர் பிழைக்கல. அவங்க முகத்தைப் பாத்து என்னால அந்தப் படியைச் சொல்ல முடியாது."

"அப்போ வகுப்புல என்ன சொல்லப் போற?"

"எனக்கு நம்பிக்கை இருக்கு, நிரூபணம் இல்லன்னு சொல்லப்போறேன். அப்புறமும் யாராவது உக்காந்திருந்தா, பேசிக்கிட்டிருக்கலாம்."

"ரொம்பப் பேர் எழுந்து போயிடுவாங்கம்மா."

"போகட்டும் ஐயா. என் தம்பியும் போனான். அப்புறம் அவனே கூப்பிட்டானே."

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். தம்பி குழாய்களுக்கு நடுவில், வெளுத்த முகத்தோடு கிடந்தான். மார்பு ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணைத் திறந்தான். அவளைத் தேடிப் பிடித்தான். உலர்ந்த உதடு அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஆகவே?" என்றான் தம்பி.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் நெற்றியில் கையை வைத்தாள்.

"ஆகவே ஒண்ணுமில்லடா. தூங்கு."