இரும்பின் இரண்டு கோடுகள்

கஞ்சிக்கோட்டில் பிசிக்ஸ் டீச்சராக இருந்து ரிடையரான கற்பகத்துக்குத் தம்பி மகன் ஜெகனின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெரிய விண்வெளி ஆராய்ச்சியாளராம். நாலு பேர் பொன்னாடை போர்த்தியதும் தலை நிற்கவில்லை அவனுக்கு.

எங்கோ தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களுக்கு இடையே கிடக்கும் வாயுவின் சூடு பத்துக் கோடி டிகிரி என்று ஜர்னலில் கட்டுரை எழுதியிருந்தான். அந்தச் சூட்டுக்குத் தெர்மாமீட்டர் ஏது? அங்கேயுள்ள இரும்பைத்தான் கேட்க வேண்டும். சூடு ஏற ஏற இரும்பு தன் எலக்ட்ரான்களை உதிர்க்கும். இருபத்தாறு எலக்ட்ரான்களில் இரண்டே மிஞ்சிய இரும்பு ஓர் எக்ஸ்-ரே கோட்டைக் காட்டும். ஒன்றே மிஞ்சியது இன்னொன்றை. எந்தக் கோடு ஓங்கியிருக்கிறது என்று பார்த்துச் சூட்டைச் சொல்லிவிடலாம். ஜெகனோ, கருவியின் அளவுகோல் நகர்ந்திருந்ததைச் சரிபார்க்காமல் முதல் கோட்டை இரண்டாவது என்று எடுத்துக்கொண்டான். சூடு இரட்டிப்பாகிவிட்டது. ஸ்குரூ கேஜைத் தொடும் பிளஸ் டூ பிள்ளைகூட முதலில் ஜீரோ எர்ரர் பார்க்கும்.

"ஜர்னலுக்கு என்னன்னு சொல்லப் போற?"

"ரிஸ்வானா போட்ட கணக்குல தப்புன்னு சொல்லிரலாமுங்க அத்தை. ஸ்டூடண்ட்தானுங்களே."

ரிஸ்வானா பாலக்காட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள். அவனிடம் ஆராய்ச்சி செய்பவள். தப்பைக் கண்டுபிடித்ததே அவள்தான். இந்தப் பழி ஏறினால் அவள் படிப்பு அதோடு முடிந்தது.

"சரிபார்க்க வேண்டியது ஆரு?"

"நானுங்க."

"அவ சொன்னாளா?"

"அப்பவே சொன்னா."

"நீ போட்டோவுக்கு நின்னுட்டிருந்தயாக்கு."

ஜெகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"இந்த ஊட்டுல குடிகாரன் இருந்திருக்கான், கோழி திருடுனவனும் இருந்திருக்கான். அடுத்த ஊட்டுப் புள்ளை தலையில தன்ற தப்பைக் கட்டுனவன் இல்லை. நீதான் மொதல்."

"வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்க."

"காட்டாதே. ஊருக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. அவளுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

தப்பு தன்னுடையதுதான், இன்றைக்கே ஜர்னலுக்கு எழுதிவிடுகிறேன் என்று ஜெகன் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தான். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"சந்தோஷம் சார். அனுப்புறப்ப எனக்கும் ஒரு காப்பி போடுங்க. வந்து சேந்ததும் நம்பிக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள்.

"மரியாதை தெரியாத பொண்ணுங்க அத்தை."

"உனக்கெதுக்கு மரியாதை? லேப்டாப்பைத் தொற."

கற்பகம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் தோளருகே உட்கார்ந்தாள். அவளும் அவனை நம்பவில்லை.