அரை டம்ளர் அமிலம்

எங்கள் மொட்டைமாடிக் கூடாரத்தின் நடுவே ஒரு கோடு உண்டு. யாரும் போட்டதில்லை, ஆனாலும் உண்டு. இந்தப் பக்கம் என் கீரை, பாட்டிலில் வரும் சத்தைக் கலந்த தண்ணீரில் வளர்கிறது. அந்தப் பக்கம் அக்காவின் கீரை. மீன் தொட்டித் தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. என்னுடையது ஒரு வாரம் முன்பே அறுவடைக்கு வந்துவிடும் என்று பீற்றிக்கொள்வேன். "உன்னுது புட்டிப்பால் குடிச்சு வளர்ற பிள்ளை" என்பாள் அக்கா.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நேற்று மூன்று நாளுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "இரை மட்டும் போடு. வேற எதையும் தொடாத" என்று மூன்று முறை சொன்னாள். இரண்டு வருடமாக வளர்க்கும் அறுபது மீன்கள். அவை போனால் அவள் கீரையும் போச்சு.

நான் தொடவில்லை, என் கை தொட்டது. இன்று காலை வழக்கம்போல என் தொட்டியில் pH அளவைக் குறைக்க அரை டம்ளர் அமிலம் ஊற்றினேன். என் கீரைக்கு மீட்டர் ஆறு காட்ட வேண்டும். அப்படியே நாலடி நகர்ந்து அவள் தொட்டியிலும் மீட்டரை விட்டேன். ஏழு. மறு நிமிடமே இன்னொரு அரை டம்ளர் உள்ளே போய்விட்டது. மீனுக்கு ஏழுதான் சரி, தண்ணீர் திடீரென்று மாறினால் செத்துப்போகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. தொலைந்தேன் என்று மீட்டரை மறுபடி விட்டேன். ஏழு. துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஏழு. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உன் தொட்டில அமிலத்த ஊத்திட்டேன்."

"எந்த கேன்லேர்ந்து?"

"நீல கேன்."

"அதுல வெறும் தண்ணிதான் இருக்கு. கிளம்புறப்பவே மாத்தி வெச்சுட்டேன். உன் அமிலம் படிக்கட்டுக்குக் கீழ இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி.

"அப்போ என் கீரைக்கு ஊத்தினது?"

"அதுவும் தண்ணிதான். மூணு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

"என்மேல அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?"

"உன்மேல இருக்கு. உன் கைமேலதான் இல்ல. சரி, இரை போட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். அறுபதும் இன்னும் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.