கல்யாணப் புகை

சாஸி மொஸ்பாஹுக்குத் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது தினார். மலையடிவாரத்தில் சாஸி திறந்த விருந்தினர் விடுதிக்குச் சுண்ணாம்பு பூசிய கூலி அது. முதல் விருந்தாளிகள் வந்து போனதும் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் மொஸ்பாஹ் தன் வீட்டு முற்றத்தில் மழைநீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார். துனீசியாவின் தெற்கே தத்தாவீன் பக்கம் மழை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அடுத்த மழைக்குள் தொட்டியின் உட்சுவருக்கு சிமெண்டு பூசிவிட்டால் அடுத்த வருடம் தண்ணீர் லாரிக்காரனிடம் கெஞ்ச வேண்டாம். பூசாவிட்டால் வருகிற மழையையெல்லாம் மண்ணே குடித்துவிடும்.

விருந்தாளிகள் வரவில்லை. வராததற்குக் காரணம் மொஸ்பாஹ்தான் என்று ஆனதுதான் வேடிக்கை.

அவர் மகள் நஜியாவின் கல்யாணத்தில் வழக்கம்போலத் துப்பாக்கி ஆட்டம் நடந்தது. குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்துதான். மேளக்காரன் சுற்றிவந்து அடிக்க, ஆண்கள் பழைய நீளத் துப்பாக்கிகளோடு ஆடி, ஒன்றாகத் தரையைப் பார்த்துச் சுடுவார்கள். புகை மூக்கை அரிக்கும் என்பதால் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். பெண்ணைப் பெற்றவர் என்பதால் மொஸ்பாஹ் கொஞ்சம் கூடுதலாகவே மருந்து கெட்டித்திருந்தார். யாரோ அதைக் கைப்பேசியில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம் பார்த்து லிபிய எல்லையில் நிஜமாகவே சண்டை. வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று எங்கிருந்தோ இந்தப் படத்தைப் பிடித்து, சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டியது. தெற்கில் ஆயுதக் குழு நடமாட்டம் என்று கீழே சிவப்பில் ஓடியது. சத்தம் இருந்திருந்தால் பெண்களின் குலவை கேட்டிருக்கும்.

தேநீர்க் கடையில் எல்லோரும் பார்த்தார்கள். முகம் மூடியிருந்தாலும் இடுப்பை ஒருபக்கம் சாய்த்து நிற்கிற நிற்பு யாருடையது என்று ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து கடைக்காரர் தளபதிக்கு ஒரு தேநீர் என்றுதான் குரல் கொடுத்தார். மொஸ்பாஹும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். சாஸிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஜெர்மன்காரர்கள் முன்பதிவை ரத்து செய்தார்கள், பின்னாலேயே இத்தாலிக்காரர்களும்.

சாஸி நேராகக் கடைக்கு வந்தான்.

“அண்ணே, நீங்க சுட்டது என் வயித்துல.”

“தரையைப் பாத்துதான்டா சுட்டேன். கூலியைக் குடு, அப்புறம் வயித்தைக் காட்டு.”

கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை என்றான் சாஸி. தொலைக்காட்சிக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்து, அது கல்யாணம் என்று தொண்டை வறளச் சொன்னானாம். அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் திரையின் அடியில் ஒரே ஒரு வரி ஓடவிட்டார்களாம். அதை ஜெர்மனியில் யார் பார்த்தார்கள்? மொஸ்பாஹ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பள்ளம் தோண்டின முதுகு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

வடக்கே மேகம் கூடத் தொடங்கிய சமயம், தலைநகரிலிருந்து ஒரு வண்டி மொஸ்பாஹ் வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் செய்தியாளர், இளைஞர், பணிவானவர். அது கல்யாணம் என்று தனக்குத் தெரியும், தவறு தன்னுடையது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இப்போது அவர் வேறொரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு எல்லைப்புற வாழ்க்கையைப் படம் எடுக்கிறார். மொஸ்பாஹ் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. முகத்தை மூடிக்கொண்டு மலைமுகட்டில் நின்று ஒரு தடவை சுட்டால் போதும். ஆயிரம் தினார்.

ஆயிரம் தினார் என்றால் சிமெண்டும் மணலும் வாங்கி மீதியும் நிற்கும். மொஸ்பாஹ் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். முகட்டில் நின்று அவர் சுட்டால், சாஸியின் கதவை அடுத்த பத்து வருடத்துக்கு ஒருவரும் தட்ட மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. மேளச் சத்தமும் படத்தில் வருமா என்று கேட்டார். அது தன் கையில் இல்லை என்றார் செய்தியாளர்.

“அப்ப முகத்தை மூடல. மேளக்காரனைக் கூப்பிடறேன், பொம்பளைங்க குலவை போடட்டும். சத்தத்தோட எடுத்துக்குங்க. காசே வேண்டாம்.”

“அதை யாருங்க பாப்பாங்க?”

“நாங்க பாப்போமே.”

செய்தியாளர் சிரித்துவிட்டார். வேளை ஆகிவிட்டதே என்று மொஸ்பாஹ் அவரை உட்காரவைத்தார். ஒரு தட்டு கூஸ்கூஸை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு அவர் போனார். மொஸ்பாஹின் மனைவி வர்தா தட்டை எடுத்தாள்.

“ஆயிரம் தினாரையும் விட்டு, சோறும் போட்டு அனுப்பியாச்சு.”

சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு தட்டு நிறைய வைத்தாள். இறைச்சித் துண்டு பெரிதாகவே விழுந்தது.

சேதி கடைக்குப் போய், கடையிலிருந்து சாஸிக்குப் போனது. மறுநாள் காலை அவன் சிறிய லாரி முற்றத்தில் பின்பக்கமாக வந்து நின்றது. விடுதியில் இன்னொரு அறை எழுப்ப வாங்கிப் போட்டிருந்த சிமெண்டு மூட்டைகள், மணல், தொட்டி வாய்க்கு ஓர் இரும்பு மூடி. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி மூட்டைமேல் போட்டான்.

“உள்ள இறங்குங்கண்ணே. கலவை நான் கலக்கித் தரேன்.”

சாஸிக்குக் கணக்குப் பிள்ளை மாதிரி வழவழவென்றிருந்த கை. முதல் நாளே கொப்புளம் போட்டுவிட்டது. கலவை ஒருநாள் பாயசமாக வந்தது, மறுநாள் கல்லாக. விருந்தாளிக்குத் தலையணை தட்டிப்போடுகிற மாதிரி மண்வெட்டியைத் தட்டாதே என்று பள்ளத்துக்குள்ளிருந்து மொஸ்பாஹ் திட்டினார். மகளுக்குக் கல்யாணம் பண்ணச் சொன்னால் போர் நடத்துகிற ஆளுக்கு இதெல்லாம் பேச வாய் இருக்கிறதா என்று மேலேயிருந்து இவன் திருப்பிக் கொடுத்தான். பூச்சு நன்றாகப் பிடித்தது. மழைக்கு முன் வேலை முடிந்து, சுவர் காய்ந்தும் விட்டது.

கடைசி நாள் வர்தாவும் சேர்ந்து மூவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்றார்கள். சாஸி விரல்விட்டுக் கணக்குச் சொன்னான். சிமெண்டு, மணல், மூடி, தன் கூலி. அதோடு பள்ளத்தாக்கில் அவன் அப்பா விட்டுப்போன ஒலிவ மரங்களின் இந்த வருடக் காய் முழுவதும் மொஸ்பாஹுக்கு. அப்படியும் நூற்றுச் சொச்சம் இடித்தது. அடுத்த வசந்தத்துக்கு ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து வாத்தியார்கள் கொஞ்சம் பேர் குடும்பத்தோடு இடம் கேட்டிருக்கிறார்கள், அப்போது தருகிறேன் என்றான்.

மொஸ்பாஹ் கையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்தார்.

“வர்தா, நீ சாட்சி. மீதிக் காசை இந்த உலகத்துலயும் விட்டுட்டேன், அந்த உலகத்துலயும் விட்டுட்டேன்.”

“கேட்டேன்,” என்றாள் வர்தா.